அச்சாரமும் சலங்கையும்: கொங்குக் கலைக்குழு நடத்துபவர்களுக்கு

கொங்கு நாட்டில் வள்ளி கும்மியோ (வள்ளி கதையைப் பாடிக் கைகொட்டி ஆடுவது), பெருஞ்சலங்கையோ (காலில் பெரிய சலங்கை கட்டி ஆடுவது), ஜமாப்போ (மேளமடித்து ஆடுவது) குழுவாக நடத்துகிறவர் ஆடினால் மட்டும் போதாது. நிகழ்ச்சி பேசுபவரும், வண்டி ஏற்பாடு செய்பவரும், கூலி பிரிப்பவரும் அவரேதான்.

மாசி முதல் சித்திரை வரை மாரியம்மன் கோயில்களில் விழாவைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டும், அம்மன் முன் மரக்கம்பம் நடும் கம்பம் நடுதலும் அடுத்தடுத்து வருவதால் அழைப்புகள் குவியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி நிகழ்ச்சிகள் குறையும். மார்கழியில் கல்யாணங்களும் இருப்பதில்லை. எனவே தை மாதத்துக்குள் விழாக் குழுவினரிடம் நாள் பேசி முடித்து, பருவ வருமானத்தில் ஒரு பங்கை அந்த மாதங்களுக்கென ஒதுக்கிவிடுங்கள்.

அச்சாரம் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையொப்பமிடுவது மிக முக்கியம். ஆட்டம் தொடங்கி முடியும் நேரம், வருவோர் எண்ணிக்கை, வண்டி வாடகையும் சாப்பாடும் யார் பொறுப்பு, மழையால் நின்றால் அச்சாரம் என்னவாகும், மீதித் தொகை எப்போது கைக்கு வரும் என்பவை அதில் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவரிடம் தாளை நீட்டக் கூச்சமாகத்தான் இருக்கும்; ஆனால் குழுவினர் நள்ளிரவில் பசியோடு வீடு திரும்புவதைவிட அந்தக் கூச்சம் எவ்வளவோ மேல்.

படப்பிடிப்பைப் பற்றியும் அதே தாளில் எழுதுங்கள். பாட்டும் மெட்டும் ஊர்ப் பொதுவாக இருந்தாலும், நீங்கள் நிகழ்த்திய நிகழ்ச்சியின்மீது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு உங்களுக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. ஆகவே முழு ஆட்டத்தையும் பதிவுசெய்து யூடியூபில் வருமானம் பார்க்க விரும்புபவர் உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். சிறு துண்டுகளைத் தாராளமாக அனுமதியுங்கள், அடுத்த அழைப்பு பெரும்பாலும் அவற்றைப் பார்த்தே வரும். முழுப் பதிவைக் குழுவின் சொந்தச் சேனலில் வைத்துக்கொள்ளுங்கள். கும்மியில் சிறுமிகள் ஆடினால் பெற்றோர் சம்மதமின்றி எதையும் வெளியிடக் கூடாது.

நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்குக் கலைஞர் பெறும் ஊதியம் ரூ.1,50,000-ஐத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, விழாக் குழு கேட்டால் தயங்காமல் சொல்லலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் ஆட்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிவு செய்ய வையுங்கள்.

நிகழ்ச்சி நாளன்று பணப்பேச்சைக் குழுவில் ஆடாத ஒருவரிடம் முழுமையாக ஒப்படைத்துவிடுங்கள். காலில் சலங்கை ஏறிய பின் மீதித் தொகையைப் பற்றிய கவலை மனத்தில் இருந்தால் அடவு பிசகும், பார்ப்பவர்கள் அதைக் கண்டுகொள்வார்கள். ஆட்டம் முடிந்ததும், வண்டி ஏறும் முன்பே, எல்லோர் முன்னிலையிலும் கணக்கைப் படித்துக் கூலியைப் பிரித்துக் கொடுங்கள்.