கால் இழுத்தால், விக்கல் நிற்காவிட்டால் உடனே என்ன செய்யலாம்?

நடுராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தால் முக்கால்வாசிப் பேர் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறார்கள். அப்படிப் படுக்கும்போது பாதம் கீழ்நோக்கி வளையும், ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கிற தசை இன்னும் சுருங்கும், வலியும் கூடும். முழங்காலை மடக்காமல் காலை நீட்டி, விரல்களை உங்கள் முகத்தைப் பார்த்து இழுங்கள். கைக்கு எட்டவில்லையா, ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம், இல்லாவிட்டால் எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்தலாம். கையால் இழுப்பதோடு நிறுத்தாமல் பாதத்தை நீங்களாகவும் மேலே தூக்கப் பாருங்கள், ஏனென்றால் முன்பக்கத் தசை வேலை செய்யத் தொடங்கியதும் பின்பக்கத் தசையைத் தளர்த்தும் ஏற்பாடு தண்டுவடத்திலேயே இருக்கிறது. அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பிடிப்பு விட்ட பிறகு நீவிக்கொள்ளலாம்.

மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கச் சொல்ல யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பார். கேட்காதீர்கள். ரத்தம் நின்றது போலத் தெரியும், ஆனால் அது தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் வாந்தி வரும். நேராக உட்கார்ந்து சற்று முன்னால் குனிந்து, மூக்கெலும்புக்குக் கீழே இருக்கிற மெத்தென்ற பகுதியை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சு விடுங்கள். பெரும்பாலும் கசிவு அந்தப் பகுதிக்கு நேர் உள்ளே, நடுச்சுவரின் முன்பக்கத்தில்தான் இருக்கும். 10 முதல் 15 நிமிடம் கையை எடுக்கவே கூடாது. நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை விட்டு விட்டுப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி உடைந்து ஒழுகும். அரை மணி நேரமாகியும் நிற்கவில்லை, தலையில் அடிபட்டு வருகிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

விக்கலுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, எதிரில் இருப்பவர்களுக்குப் பொழுதுபோகும், அவ்வளவுதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்ற தசை திடீர் திடீரென்று வெட்டி இழுப்பதுதான் விக்கல். ஆழமாக மூச்சை இழுத்து, முடிந்தவரை அடக்கி, மெதுவாக விடுங்கள். ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறினால் அந்த வெட்டு அடங்கும் வாய்ப்பு அதிகம். முழங்கால்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சற்று நேரம் உட்காருவதும் சிலருக்குக் கேட்கும். 48 மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விமானம் இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள், அல்லது கொட்டாவி விடுங்கள். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அப்போது திறக்கும். கடும் சளி இருக்கும்போது மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதிப் பார்க்காதீர்கள்.

கால் மரத்துப்போனால் உடனே எழுந்து நடக்க வேண்டாம், தரை தெரியாமல் கணுக்கால் பிசகிக்கொள்ளும். அழுத்தத்தை எடுத்துவிட்டு, உணர்ச்சி திரும்பும்வரை உட்கார்ந்தபடியே விரல்களை ஆட்டுங்கள். எழுந்தவுடன் தலை சுற்றுகிறவர்களும் படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழுமாகப் பல தடவை ஆட்டிவிட்டு, ஒரு நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் நிற்பது நல்லது. கெண்டைக்கால் தசை அசைந்தால் காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும்.

ராத்திரி நெஞ்செரிச்சலுக்கு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே வந்துவிடுவதால் அமிலம் மேலே ஏறுவது குறையும். தலையணையை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்துவது மேல், தலையணை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். நெஞ்சை இறுக்கிப் பிடித்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் எந்தப் பக்கம் படுப்பது என்றெல்லாம் யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.