லைன் மாற்றும்போது பைப் வெடிக்காமலிருக்க

தூவல் பாசனத்தில் லைன் மாற்றும்போது, அடுத்த லைனின் வால்வை முதலில் திறந்துவிடுங்கள். அப்புறம் ஓடிக்கொண்டிருந்ததைப் பத்து எண்ணும்வரை மெல்ல மூடுங்கள். கடைசிக் கால்வாசியில்தான் பொறுமை வேண்டும். பந்து வால்வு ஓட்டத்தைச் சட்டென்று அறுப்பது அங்கேதான்.

ஓடும் தண்ணீர் திடீரென நின்றால் அந்த வேகம் அழுத்தமாக மாறும். பிவிசி பைப்பில் வினாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடுவதைப் பட்டென்று நிறுத்தினால், இருக்கிற அழுத்தத்துக்கு மேல் இன்னும் 3, 4 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறும். 'டொக்' என்று கேட்பது அதுதான். நீர்வேலிப் பக்கம் வாழைக்கு 100 மீற்றர் லைன் இழுத்திருந்தால், அரை வினாடிக்குள் மூடுவது சுத்தியலால் அடிப்பது மாதிரி. பெரும்பாலும் முதலில் கழன்று வருவது பசை ஒட்டிய எல்போதான் (பைப்பைத் திருப்பும் வளைவு இணைப்பு), அதுவும் மண்ணுக்குள் இருப்பது!

மின்சாரம் நின்று மோட்டர் தானாக நிற்கும்போது இந்த வழி உதவாது. அதற்கு ஸ்பிரிங் வைத்த நொன் ரிட்டேர்ன் வால்வு, அதாவது தண்ணீரைத் திரும்பி வர விடாத வால்வு, வேண்டும். வால்வே இல்லாமல் வாய்க்காலில் இறைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.