வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே தெரு: சென்னைக்காரர்கள் செய்யும் தவறுகள்

2015 டிசம்பரில் மொட்டை மாடியில் நின்று சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கையை நீட்டிய அதே தெரு, 2019 ஜூனில் காலிக் குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்றது. நடுவில் நாலு வருஷம்கூட இல்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்று நினைப்பதுதான் முதல் தவறு. மழை வந்தால் தண்ணீரை எப்படியாவது தெருவுக்குத் தள்ளு, வெயில் வந்தால் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறு அடி இறக்கு என்று இருக்கிறோம். கடலோரத்தில் அப்படி இறக்கினால் கடைசியில் உப்புத்தண்ணீர்தான் வரும்.

அடுத்தது, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதை மட்டுமே டிவியில் பார்த்துக்கொண்டிருப்பது. 2023 மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம். ஆனால் அது நம் கடலோரமாக ஆடி அசைந்து போனதிலேயே வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கிவிட்டன. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியபோது புயலே கிடையாது. அப்புறம், வெள்ளத்துக்குப் பயந்து மேம்பாலத்தில் நிறுத்திய காரை மழை விட்டதும் அவசரமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறார்களே, அடையாற்றில் மேலே இருக்கிற ஏரிகளின் தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். அந்த நேரம் கடல் ஏற்றமாக இருந்தால் முகத்துவாரத்தில் வடியவும் வடியாது.

தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் யாராவது ஒருவர் கடப்பாரையோடு வந்து பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் குழாய் மழைநீருக்காகப் போட்டது இல்லை. அது நிரம்பி, தெருக்கோடியில் தாழ்வாக இருக்கும் வீட்டுக் கழிவறை வழியாக எல்லாம் மேலே பொங்கி வரும். திறந்த குழி தண்ணீருக்கு அடியில் இருப்பது நடந்து வருகிறவருக்குத் தெரியவும் தெரியாது.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம், சரி. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, அது போய்ச் சேரும் குழியில் ஜல்லி, மணல் எல்லாம் சேறாகி இறுகிக் கிடக்கிறது. எங்கள் வீட்டில் ஒருமுறை தோண்டிப் பார்த்தால் செருப்பு, தேங்காய் மட்டை, பக்கத்து வீட்டுப் பையனின் பந்துகூட இருந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு தடவை வாரிச் சுத்தம் செய்துவிட வேண்டும். களிமண் பகுதியாக இருந்தால் மூன்றடிக் குழி வேலைக்காகாது, ஆழமாக இறங்கும் துளை வேண்டும். பெசன்ட் நகர் மாதிரி மணல்பாங்கான இடத்தில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தரை மட்டத்திலேயே வைத்துக் கட்டுவது இன்னொரு வம்பு. ஓரடியாவது உயர்த்திக் கட்டுங்கள். சாக்கடை கலந்துவிட்டால் குளோரின் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், இறைத்துக் கொட்டித் தேய்த்துக் கழுவிய பிறகுதான் குளோரின். மழைக்கு முன்னால் சம்பை நிரப்பியும் வையுங்கள்: கரண்ட் போனாலும் வாளியால் இறைத்துக்கொள்ளலாம், மண்ணில் புதைத்த காலி பிளாஸ்டிக் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும் ஆபத்தும் இல்லை.

மனை வாங்குகிறவர்கள் மே மாதம் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறார்கள். மே மாதத்தில் ஏரியும் மைதானம்தான். பட்டாவை மட்டும் நம்பாமல், அந்தப் புல எண் முன்பு ஏரியா, கால்வாயா என்று பழைய பதிவேட்டைப் பாருங்கள். கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் நேரிலேயே போய், முனையில் இருக்கும் டீக்கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் இருக்கும் கறையைக் கையை வைத்தே காட்டுவார்.