சார்ல்ஸ்டன் ஆடலாம்: எட்டு எண்ணிக்கையும் குதிகால் திருகலும்

சார்ல்ஸ்டன் என்றதும் காலை வீசி உதைப்பதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். உதை கடைசியில் வரட்டும். முட்டித் துள்ளலும் எடை மாற்றமும் இல்லையென்றால் அது வெறும் கால் உதறல்தான்.

தென் கரோலினாவின் துறைமுக நகரத்தின் பெயரைத் தாங்கிய ஆட்டம் இது. கறுப்பின மக்களிடம் ஏற்கெனவே புழங்கி வந்தது, 1923ல் ஜேம்ஸ் பி. ஜான்சன் இசையமைத்த ‘ரன்னின் வைல்ட்’ என்ற நியூயார்க் பிராட்வே இசை நாடகம் வழியாக நாடெங்கும் பரவியது. 1926ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் திறந்த சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கில் வளர்ந்த லிண்டி ஹாப் என்ற ஜோடி ஆட்டத்திலும் இதன் அசைவுகள் உண்டு. லிண்டி ஹாப் ஆசை உள்ளவர்களும் இங்கிருந்தே தொடங்கலாம். சார்ல்ஸ்டனுக்கு ஜோடி தேவையில்லை.

முதலில் செருப்பு விஷயம். ரப்பர் அடி போட்ட ஓட்டப் பயிற்சி ஷூ வேண்டாம். தரையைப் பிடித்துக்கொள்ளும், பாதம் நிற்க, முட்டி மட்டும் திரும்பும். தோல் அடி ஷூ நல்லது. அது இல்லையென்றால் ஷூவின் மேல் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டுங்கள். கார்பெட்டில் ஆடவே ஆடாதீர்கள்.

எட்டு வரை எண்ணி ஆடும் காலடி இவ்வளவுதான்:

1 – இடது காலை முன்வைத்து முழு எடையையும் அதில் போடுங்கள்.
3 – வலது கால் நுனியால் முன்னால் ஒரு தட்டு. எடை கூடாது.
5 – அதே வலது காலைப் பின்வைத்து முழு எடை.
7 – இடது கால் நுனியால் பின்னால் ஒரு தட்டு. எடை கூடாது.

2, 4, 6, 8ல் கால் அடுத்த இடத்துக்கு நகரும். எல்லா எண்ணிக்கையிலும் முட்டி லேசாக மடங்கி உடம்பு கீழே இறங்க வேண்டும். மேலே குதிப்பதல்ல.

பெரும்பாலோர் தடுமாறுவது 3ல். தட்டும்போது எடையும் சேர்ந்து போய்விடும். பிறகு 5க்கு எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். 3ல் அப்படியே நின்று வலது காலைத் தூக்கிப் பாருங்கள். உடம்பு அசையாமல் தூக்க வந்தால் சரி. 7லும் இதே சோதனை.

இனி திருகல். பாடம் முழுவதிலும் அதிக நேரம் கேட்பது இதுதான். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, குதிகால் சேர்ந்து விரல்கள் வெளியே பார்க்கும்படி நில்லுங்கள். எடை முன்பாதத்தில்; குதிகால் ஒரு தாள் நுழையும் அளவு தூக்கியிருந்தால் போதும். இரட்டை எண்ணில் குதிகால்கள் வெளியே, ஒற்றை எண்ணில் உள்ளே. திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும்: முட்டிச் சில்லும் கால்விரலும் எப்போதும் ஒரே திசையைப் பார்க்கட்டும். இது பழகிய பிறகே காலடியோடு சேருங்கள். அப்போது அந்தரத்தில் இருக்கும் காலும் அதே கணக்கில் திரும்பும். நிற்கும் காலை மறந்து, தூக்கிய காலை மட்டும் திருப்பினால் நொண்டுவது போல இருக்கும்.

கை, நடக்கும்போது வீசுவது போல எதிர்க்கை. இதற்கு மேல் யோசித்தால் குழம்பும்.

வேகம்: அந்தக் காலப் பதிவுகள் பலவும் நிமிடத்துக்கு 200 தாளத் தட்டைத் தாண்டும், எட்டு எண்ணிக்கை 2.4 வினாடியில் ஓடிவிடும். 120ல் தொடங்கினால் 4 வினாடி கிடைக்கும். தாளம் மட்டும் தட்டும் மெட்ரோனோம் செயலிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. அதில் துள்ளல் செத்துவிடும். 160ல் உள்ள ஜாஸ் பாட்டை யூடியூபில் 0.75 வேகத்தில் ஓட விடுங்கள், 120 வந்துவிடும்.

பின்சேர்க்கை: கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று பலர் கேட்டதால் இது. குதிகாலை அதிகம் தூக்கினால் அப்படித்தான் ஆகும். 1லும் 5லும் எடை போடும்போது குதிகால் தரையை மெல்லத் தொடலாம், தப்பில்லை. முட்டி வலித்தால் மட்டும் திருகலை நிறுத்திவிட்டு, வெறும் காலடியை ஆடுங்கள். பிறகு ஷூவின் அடி தரையைப் பிடிக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.