சிறிய வேலைவாய்ப்பு முகவைகள் ஊழியர் பயிற்சிக்கு அரசாங்க நிதியுதவி பெறுவது எப்படி?

சிங்கப்பூரில் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு வேலைவாய்ப்பு முகவை நடத்துபவர்களிடம் ஊழியர் பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தால், “அதற்கெல்லாம் காசுக்கு எங்கே போவது?” என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். உண்மையில் அந்தக் காசில் ஒரு பங்கை அவர்கள் மாதந்தோறும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மசேநி (மத்திய சேமநிதி) சந்தாவைச் செலுத்தும்போது, அதனுடன் திறன் மேம்பாட்டுத் தீர்வை என்ற ஒரு சிறு தொகையும் சேர்ந்து போகிறது. 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலிக்கப்படும் இந்தத் தீர்வை, ஊழியருடைய மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காடு, ஆளுக்குக் குறைந்தது 2 வெள்ளி, மிஞ்சிப் போனால் 11 வெள்ளி 25 காசு. மாதம் 3,200 வெள்ளி வாங்கும் ஐந்து பேர் இருக்கும் அலுவலகம், ஆளுக்கு 8 வெள்ளி வீதம் மாதத்துக்கு 40 வெள்ளியும் ஆண்டுக்கு 480 வெள்ளியும் கட்டுகிறது. இப்படிச் சேரும் பணம்தான் திறன் மேம்பாட்டுக்கான அரசாங்க அமைப்பான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் வழியாகப் பயிற்சி மானியமாகத் திரும்பி வருகிறது. ஆகவே அதைக் கேட்டுப் பெறுவதில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை.

நான் பார்த்தவரை, சிறு முகவைகள் இந்த மானியத்தை இழப்பதற்குத் தகுதிக் குறைவு காரணமாக இருப்பது அரிது. வேலைகளை முன்பின்னாகச் செய்துவிடுவதுதான் காரணம்: முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு மானியம் உண்டா என்று கேட்கிறார்கள். ஆகையால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: நிறுவனத்தின் தகுதியைப் பாருங்கள்

சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான கூடுதல் மானியத்தைப் பெற மூன்று செய்திகள் பொருந்த வேண்டும். நிறுவனம் சிங்கப்பூரில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அதன் பங்குகளில் குறைந்தது 30 விழுக்காடு உள்ளூர்க்காரர்களிடம் இருக்க வேண்டும். குழுமத்தின் ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாமலோ, ஊழியர் எண்ணிக்கை 200-க்கு மேற்படாமலோ இருக்க வேண்டும். விற்பனையும் எண்ணிக்கையும் சிறு முகவைக்கு ஒரு பொருட்டே அல்ல. பங்கு விவகாரத்தில்தான் சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டவரான உறவினரோ கூட்டாளியோ 80 விழுக்காட்டுப் பங்கை வைத்திருந்தால், அலுவலகம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்தக் கூடுதல் மானியம் கிடைக்காது. நிறுவனப் பதிவு ஆணையமான அக்ராவிலிருந்து நிறுவன விவரத் தாளை எடுத்து, பங்குதாரர் பகுதியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பயிற்சிக்குப் போகும் ஊழியருக்கும் தகுதி உண்டு. அவர் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர்களுக்கான எஸ் பாஸிலோ எம்பிளாய்மென்ட் பாஸிலோ இருப்பவருக்காக நீங்கள் தீர்வை கட்டினாலும், அவருடைய பயிற்சிக் கட்டணத்துக்கு இந்த மானியம் இல்லை. அவரையும் அனுப்ப விரும்பினால் முழுக் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்பதாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கார்ப்பாஸ் யார் கையில் இருக்கிறது?

இதற்குப் பத்து நிமிடம் போதும்; ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் கடைசியில் எல்லாம் நின்றுவிடும். அரசாங்கத் தளங்களில் நிறுவனத்தின் பெயரால் நுழைவதற்குக் கார்ப்பாஸ் அனுமதி தேவை. பல சிறு முகவைகளில் அந்த நிர்வாகப் பொறுப்பு, நிறுவனத்தைப் பதிவு செய்து கொடுத்த கணக்கு அலுவலகத்திடமே இன்னமும் இருக்கிறது. அவர்களைத் தொடர்புகொண்டு, உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு எண்டர்பிரைஸ் போர்ட்டல் ஃபார் ஜாப்ஸ் அண்ட் ஸ்கில்ஸ் தளத்தைப் பயன்படுத்தும் அனுமதியைக் கொடுக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்கு விவரமும் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: எந்தப் பயிற்சி என்பதை வேலையிலிருந்து முடிவு செய்யுங்கள்

மானியம் கிடைக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு பயிற்சிக்கு ஆளை அனுப்புவது, ஊழியரின் இரண்டு நாள்களையும் உங்கள் வாடிக்கையாளரின் பொறுமையையும் வீணாக்குவதாகும். ஆகவே இந்தப் படிக்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள். கடந்த ஆறு மாதக் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த விண்ணப்பம் எதனால் திரும்பி வந்தது, எந்த வாடிக்கையாளர் எதைப் பற்றிக் குறை சொன்னார், எந்தக் கேள்விக்கு உங்கள் ஊழியர் உங்களைத் தேடி வந்து பதில் கேட்டார் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

நம்முடைய தொழிலில் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 2023 செப்டம்பர் 1 முதல் புதிய எம்பிளாய்மென்ட் பாஸ் விண்ணப்பங்கள் காம்பஸ் என்ற மதிப்பீட்டு முறையில் பொதுவாக 40 புள்ளிகளைப் பெற வேண்டும். அந்தப் புள்ளிகள் எப்படிச் சேருகின்றன என்பதை விளக்கத் தெரியாத ஊழியர், விண்ணப்பதாரருக்கும் முதலாளிக்கும் வீண் நம்பிக்கை கொடுத்துவிடுவார். வேலைக்கு விண்ணப்பிப்பவரிடமிருந்து முகவை வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு இருக்கிறது: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. இதை அறியாமல் ஒருவர் ரசீது போட்டுவிட்டால், பாதிக்கப்படுவது கடன் வாங்கி வந்த ஒரு தொழிலாளி. அதன் பிறகு உங்கள் உரிமம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியிருப்பதால், வேலை விளம்பரத்தில் வயதையும் இனத்தையும் பற்றிப் பழக்கதோஷத்தில் எழுதிவிடும் ஊழியருக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுப்பதும் அவசியம்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். முகவை ஊழியர்களுக்கு மனிதவள அமைச்சு கட்டாயமாக்கியுள்ள சிஇஐ என்ற வேலைவாய்ப்பு இடைத்தரகர் சான்றிதழ், உரிமத்துக்காக எப்படியும் செய்தாக வேண்டிய செலவு. அதைத் தவிர்த்து, வேலையை மேம்படுத்தும் பயிற்சிகளுக்கென்று தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் மனிதவளத் திறன் கட்டமைப்பில் திறனாளர்களை ஈர்ப்பதற்கென்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. நேர்காணல், தேர்வு, வேலை வழங்குநருடன் பேச்சு ஆகியவற்றில் ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் தாளை அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் குறைகள் தாமாகத் தெரியும்.

நான்காம் படி: பயிற்சியைத் தேடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தின் பயிற்சிப் பட்டியலில் தேடும்போது, ஒவ்வொரு பயிற்சிக்கும் டிஜிஎஸ் என்று தொடங்கும் ஓர் எண் இருப்பதைக் காண்பீர்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பயிற்சி நிலையத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்விகளை அனுப்புங்கள்: நாங்கள் தேர்ந்தெடுத்த தேதியில் தொடங்கும் வகுப்புக்கு மானியம் உண்டா, சிறிய, நடுத்தர நிறுவனம் அனுப்பும் ஊழியருக்கு மானியத்துக்குப் பின் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, ஊழியர் வகுப்பை முடிக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும். தொலைபேசியில் கேட்டால் பதில் விரைவாகக் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் எழுத்தில் இருக்கும் பதில்தான் பின்னால் உதவும்.

ஐந்தாம் படி: பதிவை நிறுவனத்தின் பெயரில் செய்யுங்கள்

எல்லாவற்றையும்விட இந்தப் படியில் கவனமாக இருங்கள். என் அனுபவத்தையே சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு தங்கை, நல்ல எண்ணத்தோடு, தானே தளத்தில் போய்த் தனிநபராகப் பதிவு செய்து, தன்னுடைய அட்டையில் பணத்தையும் கட்டிவிட்டு, ரசீதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். படிவத்தில் “யார் கட்டணம் செலுத்துகிறார்” என்ற இடத்தில் “சொந்தமாக” என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். வகுப்போ அடுத்த நாளே தொடங்கவிருந்தது. பதிவை மாற்ற நேரமில்லை. தனிநபராகப் பதிவு செய்திருந்ததால் அடிப்படை மானியம் மட்டுமே கிடைத்தது. நிறுவனத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் மானியமும் பயிற்சி நேர ஊதிய உதவியும் கைநழுவிப் போயின. கட்டணத்தை அவருக்கு நாங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டோம். தவறு அவருடையது அன்று. யார் பதிவு செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லியிருக்கவே இல்லை.

ஆகவே பதிவை அலுவலகமே செய்யட்டும். படிவத்தில் நிறுவனத்தின் யுஇஎன் என்ற பதிவு எண்ணைக் கொடுத்து, கட்டணத்தை நிறுவனம் ஏற்கிறது என்பதைத் தேர்ந்தெடுத்து, பற்றுச்சீட்டு நிறுவனத்தின் பெயருக்கே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மானியத்துக்கு விண்ணப்பிப்பதைப் பயிற்சி நிலையமே செய்கிறது. நீங்கள் மிச்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும்.

ஊழியருடைய சொந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் இருக்கும் பணத்தை இதற்குப் பயன்படுத்தச் சொல்லாதீர்கள். அது 25 வயதை எட்டிய ஒவ்வொரு குடிமகனுக்கும் அவரவர் விருப்பப்படி படிப்பதற்காக அரசாங்கம் கொடுத்தது. நிறுவனத்தின் வேலைக்கான பயிற்சிச் செலவை அதன் தலையில் கட்டுவது விதிக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

ஆறாம் படி: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

800 வெள்ளிக் கட்டணமுள்ள, 16 மணி நேரம் நடக்கும் ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வோம். மானியம் இல்லாவிட்டால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியுடன் 872 வெள்ளி கட்ட வேண்டும். அடிப்படை மானியம் 50 விழுக்காடு கிடைத்தால் கட்டணம் 400 ஆகக் குறைகிறது. ஜிஎஸ்டியை இந்த 400-இன் மீதே கணக்கிடுவதால் அது 36 வெள்ளி. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான கூடுதல் மானியம் சேர்ந்து மொத்த மானியம் 70 விழுக்காடானால், கட்டணம் 240 வெள்ளி. ஜிஎஸ்டி மட்டும் பழைய 36 வெள்ளியாகவே இருக்கும். ஆக நிறுவனம் கட்டுவது 276 வெள்ளி. பற்றுச்சீட்டில் 240-க்கு 36 வெள்ளி வரியா என்று பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு, அது தவறன்று.

இதற்கு மேல், பயிற்சி நேர ஊதிய உதவி இருக்கிறது. அலுவலகங்களில் எல்லோரும் இதை அப்சென்டீ பேரோல் என்றே சொல்கிறார்கள். ஊழியர் வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 4 வெள்ளி 50 காசு என்ற வீதத்தில், ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை இது வழங்கப்படுகிறது. நம் எடுத்துக்காட்டில் 16 மணி நேரத்துக்கு 72 வெள்ளி. கடைசியில் 872 வெள்ளிப் பயிற்சிக்கு நிறுவனத்தின் கையிலிருந்து போவது 204 வெள்ளி. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த நிறுவனமாக இருந்தால் அந்த 36 வெள்ளியையும் உள்ளீட்டு வரியாகக் கோரலாம்.

விழுக்காடு பயிற்சிக்குப் பயிற்சி வேறுபடும். வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி மாறவும் செய்யும். ஆகவே என் எண்களை மாதிரியாக வைத்துக்கொண்டு, உங்கள் வகுப்புக்கான எண்களைப் பயிற்சி நிலையத்தின் மின்னஞ்சலிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

ஏழாம் படி: வருகை, தேர்வு, கோரிக்கை

மானியம் நிலைக்க, ஊழியர் குறைந்தது 75 விழுக்காடு வகுப்புகளுக்கு வந்திருக்க வேண்டும். தேர்வு இருந்தால் அதில் தேறவும் வேண்டும். வருகை, சிங்பாஸ் செயலியில் கியூஆர் குறியீட்டை வருடிப் பதிவாகிறது. பயிற்சி நாளில் அவசர வாடிக்கையாளர் அழைப்பு வந்தாலும் அவரை வகுப்பிலிருந்து கூப்பிடாதீர்கள். இரண்டு நாள் வகுப்பில் ஒரு மதியம் முழுவதும் போனாலே வருகை 75 விழுக்காட்டின் விளிம்புக்கு வந்துவிடும், அதற்கு மேல் ஒரு மணி நேரம் போனாலும் மானியத்துக்கு ஆபத்து. பயிற்சி நாள்களுக்கும் சம்பளமும் மசேநி சந்தாவும் வழக்கம்போல் கொடுக்கப்பட வேண்டும்.

வகுப்பு முடிந்ததும், இரண்டாம் படியில் அனுமதி வாங்கிய அதே தளத்தில் ஊதிய உதவிக்கான கோரிக்கையைச் சமர்ப்பியுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. ஆகவே வகுப்பின் கடைசி நாளன்றே நாள்காட்டியில் குறித்துவைத்து, அதே வாரத்தில் முடித்துவிடுங்கள். வருகைப் பதிவு, பற்றுச்சீட்டு, பணம் கட்டிய சான்று, அந்த மாதச் சம்பளச் சீட்டு ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். 2017-இல் ஒரு கும்பல் பொய்யான கோரிக்கைகளால் ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளியை ஏமாற்றிப் பெற்றது வெளிவந்த பிறகு சரிபார்ப்புகள் கடுமையாகிவிட்டன. நேர்மையாக நடப்பவர் எப்போது கேட்டாலும் காட்டக்கூடிய நிலையில் இருப்பது நல்லது. “நீங்கள் ஆளை அனுப்பவே வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும், ஒரு பங்கை ரொக்கமாகத் தருகிறோம்” என்று யாராவது வந்தால் உடனே மறுத்துவிட்டு, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அமைப்பிடம் தெரிவியுங்கள்.

எட்டாம் படி: மிச்சத் தொகைக்கும் வழி பாருங்கள்

மானியம் போக மீதமுள்ள செலவுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிறுவன நிதி இருக்கிறது. 2020-இல் ஒரு நிறுவனத்துக்கு 10,000 வெள்ளி என்று அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டம், 2025 வரவுசெலவுத் திட்ட அறிவிப்பின்படி 2026-இன் இரண்டாம் பாதியில் புது வடிவம் பெறுகிறது: குறைந்தது மூன்று உள்ளூர் ஊழியர்கள் இருக்கும் நிறுவனங்களுக்குப் புதிதாக 10,000 வெள்ளி, இணையப் பணப்பை போல. முன்பு முழுத் தொகையையும் கட்டிவிட்டுத் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புது முறையில் கட்டும்போதே கழித்துக்கொள்ளலாம். கையிருப்பு குறைந்த சிறு முகவைக்கு இந்த மாற்றம் பெரிய ஆறுதல். மூன்று பேர் என்ற எண்ணிக்கை உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை மசேநி பதிவுகளை வைத்துச் சரிபாருங்கள்.

இத்தனையும் படித்த பிறகும் எங்காவது முட்டிக்கொண்டால், சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபையில் இயங்கும் எஸ்எம்இ (சிறிய, நடுத்தர நிறுவன) நிலையத்தில் ஆலோசகரைக் கட்டணமின்றிச் சந்திக்கலாம். போகும்போது அக்ரா தாள், தீர்வை கட்டிய பதிவு, மூன்றாம் படியில் எழுதிய குறைப் பட்டியல், பயிற்சி நிலையத்தின் மின்னஞ்சல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வெறுங்கையோடு போய் “எங்களுக்கு என்ன மானியம் கிடைக்கும்?” என்று கேட்பவருக்குத் துண்டறிக்கைதான் கிடைக்கும், இந்த நான்கு தாள்களையும் மேசையில் வைத்தால், உங்கள் முகவைக்கு எது பொருந்தும் என்பதை ஆலோசகர் அங்கேயே பார்த்துச் சொல்ல முடியும்.