புள்ளி மரத்தவளை: பெயரிலும் பரவலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் அமெரிக்கத் தாழ்நில நீர்நிலைகளின் ஓரத்தில் வாழும் புள்ளி மரத்தவளையைப் பற்றி எழுதப் புகுவோர் முதலில் தடுமாறுவது அதன் பெயரில்தான். ஹைலா பங்க்டேட்டா, ஹிப்சிபோவாஸ் பங்க்டேட்டஸ், போவானா பங்க்டேட்டா என்னும் மூன்றையும் தனித்தனி இனங்களாகக் கணக்கிட்டுவிடுகின்றனர். தவளை ஒன்றே. ஹைலா என்னும் பெரிய பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி; பெயரின் முதற்சொல் அதைக் குறிக்கும்) 2005இல் பிரிக்கப்பட்டபோது இது ஹிப்சிபோவாஸுக்கு மாறியது. போவானா என்பதே அதற்கும் முந்திய பெயர் என்று 2017இல் காட்டப்பட்டதால் பேரினத்தின் பெயரே மாறிற்று.

இனப்பெயருக்குப் பின்வரும் (ஷ்னைடர், 1799) என்பதிலுள்ள அடைப்புக்குறிகளை வெறும் அலங்காரம் என்று நீக்குவது இன்னொரு பிழை. இதை முதலில் விவரித்த ஷ்னைடர் கலாமிட்டா என்னும் பேரினத்தில் வைத்தார் என்பதால், பேரினம் பின்னர் மாறிய செய்தியை அந்த இரு வளைகோடுகளே தாங்கி நிற்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் காணும் மரத்தவளைகளுக்கு இதை நெருங்கிய உறவாக எழுதுவதும் சரியன்று. இது ஹைலிடே குடும்பம். அவை ராக்கோபோரிடே குடும்பம். இலையைப் பற்றும் விரல்நுனி வட்டுகள் இரண்டிலும் தனித்தனியே தோன்றியவை.

நீல ஒளியையும் புறஊதா ஒளியையும் உள்வாங்கிப் பச்சை கலந்த நீலமாக வெளிவிடும் இதன் இயல்பு, அர்ஜென்டினாவின் சான்டா ஃபே அருகே பிடித்த தவளைகளைக் கொண்டு 2017இல் வெளியாகிப் புகழ்பெற்றது. அதனால் பலர் இதை அர்ஜென்டினாத் தவளை என்றே குறிக்கின்றனர். உண்மையில் அமேசான் படுகை, கயானாப் பகுதி, டிரினிடாட் தீவு, சாக்கோ சமவெளி வரை இது பரவியுள்ளது. அர்ஜென்டினாவிலோ வடபகுதியில் மட்டுமே உண்டு. நாடு முழுவதற்கும் வண்ணம் தீட்டும் பரவல் படங்கள் தென்கோடியிலுள்ள பட்டகோனியாவின் குளிர்நிலத்திலும் இதை வாழவைத்துவிடுகின்றன.

எனக்கு மிகவும் கவலையளிப்பது பிரேசிலின் அட்லாண்டிக் கடற்கரைதான். அங்குள்ள தவளைகளும் நெடுங்காலம் பங்க்டேட்டா என்றே பதிவாயின. 1996இல் ஆய்வாளர்கள் கராமாஷியும் வெலோசாவும் பாஹியா மாநிலத் தவளைகளை அட்லாண்டிகா என்னும் தனி இனமாக விவரித்தனர். எனவே பாஹியாக் கடற்கரையின் பழைய பதிவு கையில் கிடைத்தால், ஆண்டைப் பார்த்து, அது எந்த இனத்துக்குரியது என்று சரிபார்த்த பின்னரே பரவல் படத்தில் புள்ளியிட வேண்டும்.