கிலோமீட்டரைப் பங்கு போட்டதும் நன்கொடை நகர்ந்தது

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்காக நிதி திரட்ட அரை மாரத்தான் ஓடப் பதிவு செய்தேன். எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே செய்தியைப் போட்டேன். மூன்று வாரத்தில் நான்கு பேர்தான் பணம் தந்தார்கள். பொதுவாகக் கேட்டால், வேறு யாராவது தருவார்கள் என்று எல்லோருமே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் 21.1 கிலோமீட்டரை 21 பங்காகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி, "17ஆவது கிலோமீட்டர் உங்களுடையது, யார் நினைவாக ஓடட்டும்?" என்று கேட்டேன். பத்தே நாளில் எல்லாப் பங்கும் போய்விட்டது. பணம் என் கைக்கு வராமல் நேரே தொண்டு அமைப்பின் கணக்குக்குப் போகும்படி வைத்ததும் தயக்கத்தைக் குறைத்தது. பெயர்களைச் சீட்டில் எழுதி மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். 17இல் தொடை இறுகிப்போனது, சீட்டைப் பார்த்தேன், தோழியின் அம்மா பெயர். வேகத்தைக் குறைத்தேன், ஆனால் நிற்கவில்லை.